மாப்பிள்ளை எடுத்த ஒற்றுமை வகுப்பு

நெய்வேலி டவுன்ஷிப்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மாப்பிள்ளை திரு. சிவசங்கர் அவர்கள் சமூகத்துக்கு மாமனார் கலியமூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே தங்கள் அத்தை ராஜாம்பாள் சௌக்கியம். குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கும் கொய்யா மரம் சௌக்கியம். பக்கத்து வீட்டு நாய்கூட சௌக்கியமாகத்தான் குரைக்கிறது. சௌக்கியமில்லாதவன் நான் ஒருவன்தான். அதற்குக் காரணம் தாங்கள் என்பதை மாமனாருக்கு உரிய அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். தாம்பரத்தில் தாங்களும் பவித்ராவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன், இந்த வாரம் உள்பட.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தால் தாங்கள் 'ஐ ஹியர் யூ மாமா' என்கிறீர்கள். காது கேட்கிறது என்று எனக்கும் தெரியும், அதற்கு மேல் பேச்சு நகர மாட்டேன் என்கிறது. இந்தப் பக்கம் தங்கள் அத்தை போனைப் பிடுங்கி 'சாப்டீங்களா மாப்ள, இன்னா கொழம்பு' என்று ஆரம்பித்துவிடுகிறாள். தவிர, போன வாரம் தாங்களே கேட்டீர்கள்: 'மாமா, குழு உணர்வுன்னா உங்க பார்வைல என்னன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, எங்க கம்பெனி உச்சம் லேர்னிங் சொல்யூஷன்ஸ் பத்திரிகைல உங்க போட்டோவோட போடறோம்' என்று. எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. போட்டோவும் வேண்டாம்.

முதலில் எங்கள் கேங்கில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வகுப்பு முழுக்க எல்லாரையும் 'சாம்பியன்ஸ்' என்று ஒரே பெயரால் கூப்பிட்டு முடித்துவிட்டீர்கள். மைன்ஸில் நிலக்கரியைச் சுமந்துகொண்டு ஓடுகிற கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் ஐந்து பேர் நாங்கள். நான் குறிஞ்சிப்பாடி. கொளஞ்சியப்பன் சேத்தியாத்தோப்பு, என்னோடு ஒரே நாளில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவன், மூக்குக்கு மேல் கோபம், அந்த மூக்கும் பெரிசு. மருதாசலம் கோயம்புத்தூர்ப் பக்கம். இத்தனை காலம் கடலூர் மாவட்டத்துத் தண்ணீரைக் குடித்தும் வாயில் 'ஏனுங்ண்ணா' போகவில்லை. செல்வகுமார் சின்னப் பையன் மாதிரி இருப்பான், கல்யாணம் ஆகிவிட்டது, கண் எந்நேரமும் போனில். ஐந்தாவது ஆள் பழனிவேல், குள்ளஞ்சாவடிக்கு உள்ளே ஒரு கிராமம். நாங்கள் நாலு பேர் பெர்மனெண்ட், அவன் கான்ட்ராக்ட். வேலை ஒன்றுதான், கரித்தூளும் ஒன்றுதான். அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் ஷிப்ட் முடிந்துவிடும்.

இவர்களைத் தங்கள் வகுப்புக்குக் கொண்டுவந்தவன் நான். வாராந்திர லீவு நாளில் வா என்றால் எவன் வருவான்? 'எங்க வூட்டு மாப்ள பாடம் எடுக்கறாரு, வாங்கய்யா' என்று கால் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். மேனேஜரிடமும் நான்தான் போய், மாப்பிள்ளை பெரிய பெரிய கம்பெனிக்கெல்லாம் ஒற்றுமை சொல்லிக் கொடுக்கிறார் சார் என்று அளந்துவிட்டு வந்தேன். அவரும் வந்து குத்துவிளக்கை ஏற்றிவிட்டு, வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டார். அனுபவஸ்தர்.

தாங்கள் முதலில் டீ-ஷர்ட் கொடுத்தீர்கள். முதுகில் 'ஒரே அணி' என்று போட்டிருந்தது. கொண்டுவந்தது நாலு. பழனிவேல் கையை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டான். 'சாரி சாம்பியன், பெர்மனெண்ட் ஸ்டாஃப் கவுண்ட்தான் குடுத்தாங்க' என்றீர்கள். போகட்டும், அது தங்கள் ஆபீஸில் எவனோ செய்த குளறுபடி. ஆனால் இந்த மூன்று பேர் நடந்துகொண்டதைப் பாருங்கள். கொளஞ்சியப்பன் சட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் 'எனக்கு டைட்டு' என்று நாற்காலிக்கு அடியில் போட்டான். மருதாசலம் 'எனக்கு இந்தக் கலரு ஆவாதுங்' என்றான். செல்வகுமாருக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது, அவனும் கழற்றி மடித்து வைத்துவிட்டான். மாப்பிள்ளை கொண்டுவந்ததை மாமனார் ஒருவன்தான் நாள் பூராவும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓசியில் கிடைத்ததை மதிக்கத் தெரியாத கும்பல்.

அடுத்தது அந்த விழுகிற விளையாட்டு. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும், அதற்குப் பெயர் நம்பிக்கை என்றீர்கள். ஆள் பார்த்தா தேர்ந்தெடுத்தீர்கள்? மருதாசலத்தைப் பிடிப்பதற்குக் கிரேன் சொல்லியிருக்க வேண்டும். அவனும் முருகனை ஒரு தரம் கூப்பிட்டுவிட்டுச் சாய்ந்தான். நாங்கள் நாலு பேரும் என்ன செய்தோம்? அவனைப் பிடிக்கவில்லை. நாலு பேரும் சுவரைப் பார்த்து ஓடினோம். மாப்பிள்ளை, பெல்ட் ஓரமாக நெடுக ஒரு கயிறு போகும். ஆள் விழுந்தால் அந்தக் கயிற்றை இழுக்க வேண்டும், பெல்ட் நின்றுவிடும். ஓடுகிற பெல்ட்டில் விழுந்தவனைக் கையால் பிடிக்கப் போனால் பிடித்தவனும் கூடவே போவான். சேர்ந்த நாளிலிருந்து எங்கள் உடம்பில் ஊறிப்போனது இது ஒன்றுதான்: ஆள் விழுந்தால் முதலில் கயிறு. தாங்கள் வகுப்பு எடுத்த கூடத்துச் சுவரோரமும் ஒரு கயிறு தெரிந்தது. அது தங்கள் பேனரையும் மேலே கட்டியிருந்த ஜிகினாத் துணியையும் தாங்கிக்கொண்டிருக்கும் கயிறு என்று எவன் கண்டான்? நாலு பேரும் சேர்ந்து ஒரே இழுப்பாக இழுத்தோம். பேனர் வந்தது, ஜிகினா வந்தது, அதைக் கட்டியிருந்த மூங்கில் வந்தது, எல்லாம் தங்கள் தலைமேல் வந்தது. அந்தப் பக்கம் மருதாசலம் தொப்பென்று விழுந்து, மல்லாந்த வாக்கிலேயே 'பெல்ட்டு நின்னுருச்சுங்களா?' என்று கேட்டான்.

நின்றுவிட்டது என்று நாங்களும் சொன்னோம். மைன்ஸில் இருக்கிறோமா, கூடத்தில் இருக்கிறோமா என்று கூடத் தெரியாத ஜென்மங்கள், என்னையும் சேர்த்துத்தான். தாங்கள் ஜிகினாவுக்குள்ளிருந்து வெளியே வந்து, தலையெல்லாம் மினுமினுப்போடு, 'இந்த டீமுக்கு ட்ரஸ்ட் இஷ்யூஸ் இருக்கு' என்று போர்டில் எழுதினீர்கள். அப்போதே நான் எழுந்து, மாப்பிள்ளை, மூங்கில் பட்ட இடத்தில் வீங்குகிறது, வாருங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதானே அந்த உண்மை சொல்லும் விளையாட்டு.

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் குண்டானைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது தங்கள் அத்தைக்குத் தெரியாத விஷயம், தயவுசெய்து தெரியாமலே இருக்கட்டும். எங்கள் ரெஸ்ட் ஷெட்டில் ஓரம் நசுங்கிய அலுமினியக் குண்டான் ஒன்று இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் சோறு அவரவர் டிபனில். குழம்பு மட்டும் எல்லாருடையதும் அந்தக் குண்டானில் ஊற்றிக் கலக்கப்படும். சாம்பார், காரக்குழம்பு, மருதாசலம் வீட்டுக் கொள்ளு, செல்வகுமார் மனைவி முதல் நாள் வைத்த மீன்குழம்பு எல்லாம் ஒன்றாகும். கேட்கிறவர்களுக்குக் குமட்டும், தின்கிறவனுக்குப் பழகிவிடும். இந்தப் பழக்கம் சிங்காரவேல் என்று எங்களை மேய்த்த பழைய சார்ஜ்மேன் ஒருவர் காலத்தில் வந்தது. நாங்கள் சேர்ந்த புதிதில் ஷெட்டில் சாதி பார்த்துத்தான் உட்காருவார்கள். எவன் வீட்டுக் குழம்பை எவன் தொடுவது என்று தினமும் முறைப்பு. என் ஊர்க்காரர்களும் முறைத்தவர்கள்தான், மறைக்க என்ன இருக்கிறது. சிங்காரவேல் ஒரு நாள் பொறுக்க முடியாமல் எல்லாருடைய டப்பாவையும் பிடுங்கி ஒரு குண்டானில் கொட்டி, கரண்டியால் கலக்கி, 'இப்ப எவன் வூட்டுதுன்னு பிரிச்சித் தின்னுங்கடா பாக்கலாம்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பசி. தின்றோம். அன்றிலிருந்து அதுதான் நடைமுறை.

அதற்கு ஒரு சட்டம் உண்டு. எவனும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எவனும் மீறினதுமில்லை. ஒருவன் குழம்பை ஊற்றும்போது மற்றவன் குண்டானைப் பார்க்கக் கூடாது. எல்லாரும் பெல்ட் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். இந்தச் சட்டம் ஆரம்பத்தில் எதற்காக வந்ததோ தெரியாது, இப்போது எதற்கு என்று தெரியும். பழனிவேல் சம்சாரம் ஆதிலட்சுமிக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, மழைக்காலத்திலிருந்து படுத்த படுக்கை. காலையில் அவளை எழுப்பி உட்கார வைத்து, எல்லாம் செய்துவிட்டு, சோறு மட்டும் வடித்து எடுத்துக்கொண்டு ஓடிவருவான். ஆனால் குழம்பு டப்பாவும் கூடவே வரும், இறுக்கமாக மூடிபோட்டு. எல்லாரும் கவிழ்க்கிறபோது அவனும் கவிழ்ப்பான். நாங்கள் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். டப்பாவின் சத்தத்திலேயே எல்லாருக்கும் தெரியும், அது வேறு. பார்த்தேன் என்று ஒருவன் சொல்வது வேறு.

இந்த லட்சணத்தில் தாங்கள் எங்களை வட்டமாக உட்காரவைத்து, 'வலதுபக்கம் இருக்கிற நண்பர்கிட்ட இத்தனை நாள் சொல்லாம மறைச்ச ஒரு உண்மையைச் சொல்லுங்க' என்றீர்கள். மருதாசலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான், செல்வகுமார் போனைத் தடவிக்கொண்டிருந்தான். தாங்கள் என்னைப் பார்த்தீர்கள். எனக்கோ, கிளம்பும்போது தங்கள் அத்தை வாசல்வரை வந்து 'மாப்ள மொகம் வாடாம பாத்துக்குங்க, ஊமையாட்டம் குந்திகினு இருக்காதீங்க' என்று சொன்னது காதிலேயே இருந்தது. என் வலதுபக்கம் கொளஞ்சியப்பன். அவனைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. மாப்பிள்ளை முன்னால் எதைச் சொல்வது? வம்பில்லாததாகப் பார்த்து ஒன்றை எடுத்தேன்.

"கொளஞ்சி, உன் வூட்டுக் கொழம்புல புளி கொஞ்சம் தூக்கல்யா."

அவ்வளவுதான் சொன்னேன். கொளஞ்சியப்பன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தான்.

"எங்க வூட்டுக் கொழம்புன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"இன்னாய்யா, தெரியாதா?"

"எப்பிடித் தெரியும்னு கேக்கறன். ஊத்தறப்ப பாத்துகினு இருந்தியா?"

"பாக்கலய்யா. டப்பாவத் தொறக்கறப்ப வாசன வரும்ல."

"வாசன வந்தா மூக்கப் புடிச்சிகினு திரும்பிக்கணும்."

மூக்கைப் பற்றிப் பேசுகிற ஆளைப் பாருங்கள். அதற்குள் மருதாசலம், 'அப்போ என்ற கொள்ளையும் பாத்திருப்பீங்ளேண்ணா' என்று இழுத்தான். செல்வகுமார் முதல் தடவையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தான். பழனிவேல் மட்டும் குனிந்து தரையைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னது கொளஞ்சியப்பன் வீட்டுப் புளியைப் பற்றி. பழனிவேல் காதில் விழுந்தது அவனுடைய டப்பாவைப் பற்றி.

தாங்கள் என்ன செய்தீர்கள்? கைதட்டினீர்கள். 'சூப்பர், இதுதான் பிரேக்த்ரூ' என்றீர்கள். அதோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். பழனிவேல் பக்கம் திரும்பி, 'சாம்பியன், நீங்க ரொம்ப அமைதியா இருக்கீங்க. இந்த டீமுக்கு நீங்க என்ன கொண்டுவர்றீங்க? எல்லார் முன்னாலயும் தைரியமாச் சொல்லுங்க பார்ப்போம்' என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி தங்கள் புஸ்தகத்தில் இருக்கிற கேள்வி, யாரிடமும் கேட்பீர்கள், தெரியும். அவன் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, 'ஒண்ணும் இல்லீங்க சார்' என்றான். தாங்கள் அதைப் போர்டில் எழுதி, பக்கத்தில் சோகமாக ஒரு பொம்மை முகமும் வரைந்தீர்கள். மாப்பிள்ளை, நீங்கள் படித்தவர், மனசில் கள்ளம் இல்லாதவர், என் பெண்ணை நன்றாக வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் சொல்கிறேன், அந்த நிமிஷம் அந்த மூங்கில் இன்னொரு தடவை உங்கள் தலையில் விழுந்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

நீங்கள் ஆளுக்கொரு பிரியாணி டப்பாவைக் கொடுத்துவிட்டு மத்தியானமே காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். போகிற போக்கில் மேனேஜருக்குப் போன் போட்டு, இந்த டீமுக்கு லெவல் டூ கட்டாயம் வேண்டும், அதற்குப் பிறகு மற்ற கேங்குகளுக்கும் வரிசையாக எடுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். மாட்டிக்கொண்டவன் நான். மறுநாள் ஷிப்டுக்குப் போனால் குண்டான் ஆணியில் கவிழ்த்து மாட்டியிருக்கிறது. கொளஞ்சியப்பன் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன் வீட்டுப் புளிக்குழம்பைத் தன் டிபனிலேயே பிசைந்து, என் காதில் விழ வேண்டும் என்றே உறிஞ்சி உறிஞ்சித் தின்கிறான். மருதாசலம் கொள்ளை மூடி வைத்துக்கொண்டு, மூடியைக் கொஞ்சமாகத் திறந்து, பரீட்சைப் பேப்பரை மறைக்கிற பிள்ளை மாதிரி கையை அணைகட்டித் தின்கிறான். செல்வகுமார் எங்கள் வாட்ஸாப் குழுவிலிருந்து விலகி, என்னை விட்டுவிட்டு அதே பெயரில் வேறொரு குழு தொடங்கிவிட்டான். அதில் தினமும் காலை வணக்கம் போகிறதாம்.

என்னோடு யாரும் பேசுவதில்லை. பேசாமல் பெல்ட் வேலை எப்படி நடக்கும்? கொளஞ்சியப்பன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். நான் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிறேன். அவன் வாக்கிடாக்கியை எடுத்து கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு, 'எம் பக்கத்துல ஒரு ஆளு நிக்கறாரு, அவரு கையில ஸ்பேனர் இருக்கு, அத எங்கிட்ட குடுக்கச் சொல்லுங்க சார்' என்கிறான். கண்ட்ரோல் ரூமிலிருந்து என்னைக் கூப்பிட்டு, 'கலியமூர்த்தி, பக்கத்துல இருக்கறவருக்கு ஸ்பேனரக் குடுங்க' என்கிறார்கள். நான் கொடுக்கிறேன். அவன் வாக்கிடாக்கியில் 'வந்து சேர்ந்துது, நன்றி' என்கிறான். மைன்ஸ் பூராவும் கேட்டுச் சிரிக்கிறது. அப்ரண்டிஸ் காலத்திலிருந்து என் பீடியைப் பிடுங்கிக் குடித்தவன்.

சரி, நாமே இறங்கிப் போவோம் என்று பார்த்தேன். தங்கள் அத்தையிடம் கறிக்குழம்பு வைக்கச் சொல்லி, பெரிய தூக்கில் கொண்டுபோய் ஷெட்டுக்கு நடுவில் வைத்துவிட்டு எல்லாரும் எடுத்துக்குங்கய்யா என்றேன். கொளஞ்சியப்பன் சாமி கும்பிடுகிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டான். மருதாசலத்துக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, கண்கூடாகத் தெரிகிறது; அவனும் 'வேண்டாமுங்' என்று திரும்பிக்கொண்டான். கடைசியில் ஷெட்டைச் சுற்றுகிற காக்காய்கள்தான் பங்கிட்டுக்கொண்டன. அவற்றுக்குள் இருந்த ஒற்றுமையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

இதெல்லாம்கூடத் தொலையட்டும். பழனிவேலைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. குண்டான் இல்லாவிட்டால் அவன் எல்லார் எதிரிலும் டிபனைத் திறந்து வெறும் சோற்றைத் தின்ன வேண்டும். அதனால் அவன் திறப்பதேயில்லை. சாப்பாட்டு நேரம் வந்தால் ஷெட்டை விட்டு இறங்கிப் போய், பெல்ட்டுக்கு எண்ணெய் போடுகிறேன் என்று எதையாவது துடைத்துக்கொண்டு நிற்கிறான். முதல் நாள் கூப்பிட்டேன், 'இன்னிக்கி விரதம்ண்ணே, செவ்வாக்கெழம, முருகனுக்கு' என்றான். அடுத்த நாளும் போனேன். 'புதன்கெழமைக்கு எந்த சாமிடா?' என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'பொதுவா எல்லாத்துக்கும்ண்ணே' என்றான். வியாழன் குரு, வெள்ளி அம்மன், சனி பெருமாள் என்று ஒரு வாரமும் ஓட்டிவிட்டான். பெல்ட் வேலை வெறும் வயிற்றோடு செய்கிற வேலை இல்லை. ஒரு நாள் மத்தியானம் ஏணியில் ஏறும்போது அவன் கால் நடுங்குவதைப் பார்த்தேன். என் சோற்றைப் பாதியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போனேன். வாங்கவில்லை. 'நீங்க பாத்தீங்களாண்ணே?' என்று மட்டும் கேட்டான். நான் பார்க்கவில்லை என்று என் பெண் மேல் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். தலையை ஆட்டினான். நம்பினதாகத் தெரியவில்லை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, தங்கள் அத்தை டிபனைத் திறந்து பார்த்துவிட்டு, 'மாப்ள ஊருக்குப் போனதுலருந்து இந்த மனுசனுக்கு ஏக்கம்' என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மற்ற மூன்று பேருக்கு இது கண்ணில் படவில்லையா? படும். ஆனால் இறங்கி வர மாட்டார்கள், ஏனென்றால் கலியமூர்த்தியைத் தண்டிக்க வேண்டும். இந்த வீம்பு பிடித்த கழுதைகளோடுதான் நான் இத்தனை காலம் ஒரே குண்டானில் தின்றேன் என்று நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ரிட்டயர் ஆகிற வரைக்கும் நர்சரிக்கு மாற்றிக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்கப்போகிறேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிடக்கிறேன். செடி நன்றாகத்தான் குடிக்கும், முதுகைத் திருப்பாது.

இப்போது தாங்கள் கேட்ட கட்டுரை. குழு உணர்வு என்றால் என்ன? ஐந்து பேர் ஒரே ஷெட்டில் ஐந்து திசையைப் பார்த்து உட்கார்ந்து, நாலு பேர் தனித்தனியாகத் தின்பதும், ஐந்தாவது ஆள் இருக்கிற சாமிக்கெல்லாம் விரதம் இருப்பதும்தான் குழு உணர்வு. தோழமை என்றால் என்ன? பக்கத்தில் நிற்பவனிடம் ஸ்பேனர் வாங்க கண்ட்ரோல் ரூமைக் கூப்பிடுவது. இதைத் தங்கள் பத்திரிகையில் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். லெவல் டூ வேண்டாம். வகுப்பு எப்படி இருந்தது என்று கேங்கையே நேரில் கேட்டுவிட்டு முடிவு செய்வதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். கேட்கட்டும். கொளஞ்சியப்பன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்கு இப்போதே தெரியும், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அதற்காகத்தான் காத்திருக்கிறான். அதற்குப் பிறகு இந்த மைன்ஸில் எந்த கேங்குக்கும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். நானும் மேனேஜர் முகத்தில் முழிக்க முடியாது. அந்த அவமானம் நடப்பதற்கு முன்னால், வேறு ஊரில் வேலை வந்துவிட்டது என்று நீங்களே சொல்லி ஒதுங்கிக்கொள்வது நம் இரண்டு குடும்பத்துக்கும் மரியாதை.

வெயில் ஏறிவிட்டது, மோர் நிறையக் குடியுங்கள். தலைவீக்கத்துக்குத் தங்கள் அத்தை மஞ்சள் பத்துப் போடச் சொல்கிறாள். பவித்ராவை நாங்கள் கேட்டதாகச் சொல்லவும். தாங்கள் இருவரும் பதினாறும் பெற்று, சம்பாதித்து, நெய்வேலி எல்லைக்கு வெளியே எத்தனை வகுப்பு எடுத்தாலும் அத்தனையிலும் ஜெயித்து நீடூழி வாழ வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கும்,

தங்கள் அன்பு மாமனார்,
கலியமூர்த்தி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலை ஷிப்டுக்குப் போனேன், வழியில் தபாலில் போடலாம் என்று. மறந்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேனேஜர் ஷெட்டுக்கே வந்துவிட்டார். 'கலியமூர்த்தி மருமகன் எடுத்த கிளாஸ் எப்படிய்யா இருந்துது? ஒளிக்காமச் சொல்லுங்க, அடுத்ததுக்குக் கையெழுத்துப் போடணுமா வேணாமா?' என்று கேட்டார். நான் மூலையில் நின்று பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொளஞ்சியப்பன் எழுந்தான்.

'சூப்பர் கிளாஸு சார்,' என்றான். 'எங்க கலியமூர்த்தி வூட்டு மாப்ள, வேற எப்பிடி இருக்கும்? நெறய கத்துகினோம்.'

மருதாசலம், 'விழுந்தா எப்படி விழோணும்னு அன்னிக்குத்தானுங் தெரிஞ்சுது' என்றான். செல்வகுமார் அடுத்த வகுப்பு எப்போது சார் என்று கேட்டான். மேனேஜர் பழனிவேலைப் பார்த்தார். அன்றைக்கு நீங்கள் எல்லார் முன்னாலும் நிற்கவைத்த மாதிரியே அவன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். 'நல்லா சொல்லிக் குடுத்தாருங்க சார். அன்பா பேசனாரு' என்றான். மேனேஜருக்குச் சந்தோஷம், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. 'யோவ்' என்று ஆரம்பித்தேன். கொளஞ்சியப்பன் என் முகத்தைப் பார்க்காமலே, வாக்கிடாக்கி இல்லாமலே, 'பொண்ணு குடுத்த எடத்துல நீ தலகுனிஞ்சி நிக்கக் கூடாதுய்யா. அதுக்குத்தான். உன் மூஞ்சிக்கு இல்ல. உங்கிட்ட எனக்குப் பேச்சே கெடயாது' என்றான். சொல்லிவிட்டு ஆணியிலிருந்து குண்டானை எடுத்து, உள்ளே ஊதித் தூசியைத் தட்டி நடுவில் வைத்தான். டப்பாக்கள் திறந்தன. ஒருவனும் சொல்லாமலே எல்லாரும் பெல்ட் பக்கம் திரும்பினோம். நானும் பெல்ட்டையே பார்த்தேன், கண் கரித்தது, கரித்தூள். பின்னால் ஒவ்வொரு டப்பாவாகக் கவிழும் சத்தம் கேட்டது, ஐந்தும் கேட்டது. பழனிவேல் இரண்டு தரம் குழம்பு வாங்கிப் பிசைந்தான். இன்றைக்கு விரதம் இல்லையா என்று நான் கேட்கவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, மேலே உள்ள எதையும் பத்திரிகையில் போட வேண்டாம், நர்சரி விஷயம் பவித்ராவுக்குத் தெரிய வேண்டாம். லெவல் டூவுக்குக் கட்டாயம் வந்துவிடுங்கள். வரும்போது டீ-ஷர்ட் ஒன்று கொண்டுவாருங்கள், ஒன்று போதும், அன்றைக்கு அவர்கள் விட்டுப்போன மூன்றையும் என்னுடையதோடு எடுத்து வைத்திருக்கிறேன். போன தடவை மாதிரி ஆளுக்கொரு டப்பாவில் பிரியாணி வாங்காதீர்கள், நாங்கள் குண்டானைக் கூடத்துக்கே தூக்கிக்கொண்டு வருகிறோம். பவித்ராவிடம் சொல்லி ஒரு டப்பா குழம்பு வாங்கி வாருங்கள். அவள் கைப்பக்குவம் எனக்குத் தெரியும், பயப்பட வேண்டாம், குண்டானில் விழுந்த பிறகு எவனுக்கும் தெரியாது. அவளுக்கு அன்றைக்கு முடியாவிட்டால் வெறும் டப்பாவை மூடி எடுத்து வாருங்கள். பாடம் ஒன்றும் எடுக்க வேண்டாம். கூடத்தில் பெல்ட் கிடையாது. எல்லாரும் ஊற்றும்போது நீங்கள் ஜன்னலைப் பாருங்கள்.